வெள்ளவத்தை ஒழுங்கையில் 25 நிமிடம்

கொழும்பில் கார் நிறுத்தித் தண்டம் வாங்கிய கதை மட்டக்களப்பில் பல வீடுகளில் இருக்கும். எல்லோரும் அதை "பொலிஸ்காரன் பிடிச்சுப்போட்டான்" என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக் கதையை நானும் முதலில் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். பிறகு ஒரு நாள் மாமாவோடு உட்கார்ந்து, அன்று எத்தனை மணிக்கு என்ன செய்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தோம். பொலிஸ்காரர் வந்தது கதையின் கடைசிப் பக்கத்தில். பிழை அதற்கு அரை மணித்தியாலம் முந்தியே தொடங்கியிருந்தது. அதில் என் பங்கும் இருந்தது.

நடந்தது

2024 ஜூன் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. மச்சானுக்கு ஆவணியில் கல்யாணம். ஆடி பிறக்க முதல் கூறை எடுத்துவிட வேண்டும் என்று மாமி ஒற்றைக்காலில் நின்றார். கூறை என்றால் வெள்ளவத்தைக்குத்தான் போக வேண்டும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நல்ல புடவைக் கடைகள் இருக்கின்றனவே என்று சொல்லிப் பார்த்தேன், யார் கேட்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்குக் கல்லடியிலிருந்து வெளிக்கிட்டோம். வாழைச்சேனை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். ஹபரணை தாண்டும் வரை யானைக்குப் பயந்து மெதுவாகத்தான் போனோம். கார் ஓடியது மாமா. வயது 61. 30 வருடமாக வாகனம் ஓடுகிறார், ஒரு தண்டம் கூடக் கட்டியதில்லை. அதை நாலு பேர் கூடும் இடத்தில் சொல்லாமல் விடவும் மாட்டார். நான் முன் ஆசனத்தில் இருந்தேன். மாமியும் என் அம்மாவும் பின்னால். மச்சான் கொழும்பிலேயே வேலை செய்வதால் நேரே கடைக்கு வந்துவிட்டான்.

காலை 9.40. காலி வீதியில் கோடு போட்ட தரிப்பிடம் ஒன்று கிடைத்தது. கையில் சின்ன இயந்திரம் வைத்திருந்த ஒருவர் வந்து வாகன இலக்கத்தைத் தட்டிச் சீட்டு ஒன்றைக் கிழித்துத் தந்தார். இரண்டு மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்தோம். மாமா அந்தச் சீட்டைக் கோயில் விபூதி மாதிரிப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தார்.

11 மணி. முதல் கடையில் மாமிக்கு எதுவும் பிடிக்கவில்லை. அடுத்த கடை நானூறு மீற்றர் தூரம் இருக்கும். மாமிக்கு முழங்கால் வருத்தம். "எனக்கு இனி நடக்க ஒண்ணா" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சரி, காரைக் கிட்ட கொண்டு வருவோம் என்று மாமாவும் நானும் போய் எடுத்து வந்தோம்.

11.05. புதுக் கடைக்குப் பக்கத்தில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கிறுகினோம். உள்ளே இடது ஓரத்தில் ஒரு வெள்ளை வானும் அதற்கு முன்னால் ஒரு ஓட்டோவும் நின்றன. வானுக்குப் பின்னால் எங்கள் கார் அளவுக்கு அளந்து வைத்தாற்போல இடம்.

"மருமகன், இதில விடலாமா?"

"எல்லாரும் விட்டிரிக்காங்கதானே மாமா."

இதுதான் நான் சொன்ன பதில். கொப்பியில் இந்த வரியை எழுதும்போது மாமா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

11.10க்குக் கதவைப் பூட்டிக்கொண்டு போனோம். 11.35க்கு மாமா மட்டும், மாமி மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தார். வானையும் காணவில்லை, ஓட்டோவையும் காணவில்லை. எங்கள் கார் மட்டும் தனியே நின்றது. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு போக்குவரத்துப் பொலிஸார், ஒருவர் கையில் தண்டப் புத்தகம்.

மாமாவின் சிங்களம் பொலன்னறுவையில் தயிர் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். போன் எடுத்து மச்சானைக் கூப்பிட்டார், நாங்களும் ஓடினோம். மாமா சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினார். பொலிஸ்காரர் அதை வாங்கி முழுவதும் வாசித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பேனையால் எங்களுக்குப் பின்னால், ஒழுங்கை தொடங்கும் இடத்தைக் காட்டினார். ரியூஷன் வகுப்பு விளம்பரத் துணி ஒன்றின் ஓரத்தால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது பலகை. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. விளம்பரம் மறைத்திருந்தது என்று மச்சான் வாதாடிப் பார்த்தான். மறைத்திருந்தது கால்வாசிதான், கோடு நன்றாகவே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் நாங்கள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

லைசன்ஸை வாங்கிக்கொண்டு தாளை எழுதித் தந்தார்கள். குற்றம் என்னவென்று கையால் எழுதியிருந்தது சிங்களத்தில். மச்சான் வாசித்துச் சொன்னான். மாமா அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்தபடி காருக்குள் ஏறினார். கூறை அன்று எடுத்தோம். என்ன நிறம் என்று மாமாவைக் கேட்டால் இன்றைக்கும் தெரியாது.

சீட்டு எதற்கு, பலகை எதற்கு

மாமாவின் முதல் பிழை மிக நேர்மையான பிழை. காசு கட்டியாயிற்று, இன்னும் 40 நிமிடம் மீதியிருக்கிறது, ஆகவே அந்தச் சுற்றுவட்டாரத்தில் கார் நிற்க நமக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தார். அங்கே இரண்டு கைகள் வேலை செய்கின்றன. ஒன்று மாநகர சபையின் கை. சில வீதிகளில் கோடு போட்டு இடம் ஒதுக்கி, மணித்தியாலக் கணக்கில் கட்டணம் எடுப்பது அது. அப்போது கொழும்பில் சபையிடம் குத்தகைக்கு எடுத்த நிறுவனங்களின் ஆட்கள்தான் பெரும்பாலும் இயந்திரத்தோடு வந்து சீட்டுத் தந்தார்கள். அந்தச் சீட்டு அந்த இடத்துக்கான வாடகை. மற்றது பொலிஸின் கை. எங்கே நிற்கக்கூடாது என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தையும் வீதிப் பலகையையும் வைத்துப் பார்ப்பது அது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், பல தடவை திருத்தப்பட்டு இன்றும் அதுதான். இந்தக் கைக்கு அந்தக் கை தந்த சீட்டு ஒரு பொருட்டல்ல. சந்தையில் வாடகை கட்டிய கடைக்காரன் அதே துண்டைக் காட்டிப் பக்கத்து வளவில் கடை போட முடியுமா? அதே கணக்குத்தான்.

கோட்டுக்குள் நின்ற காரை எடுத்த கணமே சீட்டின் கதை முடிந்துவிட்டது. மீதி 40 நிமிடம் போனது போனதுதான். அந்த நட்டத்தை ஏற்க மனமில்லாமல்தான், இன்னொரு கட்டணத் தரிப்பிடம் தேடாமல் ஒழுங்கைக்குள் போனோம் என்று மாமாவே பிறகு ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது பிழை என்னுடையது. முன்னால் இரண்டு வாகனம் நின்றதை நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். வானுக்குள் சாரதி இருந்தார், பின்கதவு திறந்திருந்தது, இரண்டு பொடியன்கள் துணிப் பொதி இறக்கினார்கள். ஓட்டோக்காரரும் ஆசனத்தில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் கண்ணால் கண்டேன், கணக்கில் எடுக்கவில்லை. ஒரு கோடு போட்ட பலகை தடுப்பது வாகனத்தை விட்டுவிட்டுப் போவதை. ஆள் ஏற்ற, இறக்க, பொருள் இறக்க ஒரு கணம் நிற்பதை அது தடுப்பதில்லை. பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு போட்டிருந்தால் கதை வேறு. அங்கே சாரதி உள்ளே இருந்தாலும், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலும் நிற்கவே கூடாது. ஒரு கோடா இரண்டு கோடா என்பதை லைசன்ஸ் எழுத்துப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்போம். பாஸ் பண்ணிய மறுநாள் மறந்திருப்போம். நான் மறந்துதான் இருந்தேன்.

அந்த இருவரும் எங்கள் பார்வையில் "நிறுத்தியிருந்தவர்கள்". பொலிஸ் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போக முடியாமல் நின்றது ஆளில்லாத எங்கள் கார்தான்.

மூன்றாவது பிழை, பலகையை நிறுத்திய இடத்தில் தேடியது. காரை விட்டு இறங்கி முன்னால் பார்த்தேன், எதிர்ப் பக்கம் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று திருப்திப்பட்டேன். பின்னால் பார்க்கவில்லை. பெரும்பாலும் பலகை நிற்பது தடை தொடங்கும் இடத்தில். நாம் கிறுகும்போது கண் போவது எதிரே வரும் வாகனத்திலும் ஓடி வரும் பிள்ளையிலும்தான், பலகையில் அல்ல. அதனால் கிறுகியதும் நிறுத்துகிற ஆளுக்குத்தான் இது அதிகம் நடக்கும். பலகைக்குக் கீழே சின்னத் துண்டுப் பலகை ஒன்று தொங்கினால் அதையும் வாசிக்க வேண்டும். எந்த நேரம், எந்தப் பக்கம், அம்புக்குறி எங்கே காட்டுகிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எங்கள் பலகையில் அப்படி எதுவும் இல்லை. துண்டு இல்லையென்றால் நேர விலக்கும் இல்லை.

பலகையே வேண்டாத இடங்களும் உண்டு. மஞ்சள் கடவை, சந்தி வாய், வளைவு, பாலம், பஸ் தரிப்பிடம், அடுத்தவர் வீட்டு வாசல். இங்கெல்லாம் "போர்ட் இல்லையே சேர்" என்று சொல்லிப் பயனில்லை.

ஏன் அந்த ஒழுங்கையில் தடை என்பதையும் மச்சானோடு பிறகு ஒரு மாலை போய் நின்று பார்த்தேன். ஐந்து நிமிடம் போதும், விளங்கிவிடும். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே போய் வருவதற்கு இந்த ஒழுங்கைகள்தான் வழி. ஒரு கார் ஓரத்தில் நின்றால் இரு பக்கமும் வருகிறவை ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்று வாகனம் அப்படிக் காத்து நின்றால் நாலாவது காலி வீதியிலேயே நிற்கும், அதன் பின்னால் பஸ். 25 நிமிடம் எங்கள் கார் எத்தனை பஸ்ஸின் ஹோர்னை வாங்கிக் கட்டியதோ, நாங்கள் உள்ளே ஏசியில் கூறை பார்த்துக்கொண்டிருந்தோம்.

தண்டம் சின்னது, லைசன்ஸ் தூரம்

இப்போதுதான் கதையின் கனமான பகுதி. தண்டத் தொகை கூறையின் ஒரு முந்தானைக்கும் காணாது. தொகைகளை வர்த்தமானி மூலம் அவ்வப்போது மாற்றுவார்கள், தாளில் எழுதியிருப்பதுதான் கணக்கு. எங்களை அலைக்கழித்தது காசு அல்ல.

அந்தத் தாள் இரண்டு வேலை செய்கிறது. தண்டம் கட்டுவதற்கான படிவமும் அதுதான், 14 நாளுக்குத் தற்காலிக லைசன்ஸும் அதுதான். 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்ட வேண்டும். தவறினால் அடுத்த 14 நாளுக்குள் இரட்டிப்பாகக் கட்டலாம். 28 நாளும் கடந்தால் நீதிமன்றம்தான். எந்தத் தபால் கந்தோரிலும் கட்டலாம் என்பது நல்ல விஷயம். மாமா திங்கட்கிழமை காலையிலேயே மட்டக்களப்பில் கட்டிவிட்டார். அங்கே வரிசையில் நின்ற ஒரு மணித்தியாலமும், தெரிந்தவர்கள் யாரும் கண்டுவிடக்கூடாது என்று தாளை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்குள் வைத்திருந்தார். 30 வருடப் பெருமை.

ஆனால் லைசன்ஸ் இருந்தது, தாள் எழுதிய பொலிஸ் நிலையத்தில். 300 கிலோமீற்றருக்கு அப்பால். ரசீதோடு அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும். கொழும்புக்காரன் ஒருவனுக்கு இது மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் முடியும் அலுவல். எங்களுக்கு ஓர் இரவு, ஒரு பகல், மறுகா ஓர் இரவு.

மச்சான் போய் எடுக்கலாம் என்று முடிவானது. மட்டக்களப்பில் எல்லோரும் செய்வது போல, ரசீதையும் தாளையும் ஓர் உறையில் போட்டு, மாமா கையெழுத்து வைத்த கடிதத்தோடு, இரவு பஸ் நடத்துனரிடம் கொடுத்து அனுப்பினோம். தாளையும் கேட்பார்கள் என்று மச்சான் சொன்னதால் அதன் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அனுப்பினோம். உறை புறப்பட்ட பிறகுதான் அம்மா கேட்டார்: "அப்ப அண்ணா இஞ்ச எதக் காட்டி ஓடுவார்?"

யாரிடமும் பதில் இல்லை. தற்காலிக லைசன்ஸும் அதே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது.

கார் நின்றது, மோட்டார் சைக்கிளும் நின்றது. பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவது மாமாவின் வேலை. அந்த வாரம் முழுக்கத் துருப்பிடித்த லுமாலா சைக்கிளில் கல்லடிப் பாலம் ஏறி இறங்கினார். மச்சான் முதல் நாள் போனபோது அதிகாரி வெளியே போயிருந்தார், அடுத்த நாள் வரச் சொன்னார்கள். அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுப் போனான். கடிதத்தையும் தன் அடையாள அட்டையையும் காட்டி, தகப்பன் தூரத்தில் இருக்கிறார் என்று விளக்கி, ஒருவழியாக எடுத்தான். எல்லா நிலையத்திலும் இப்படி வேறு ஆளிடம் கொடுப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு யாரும் போக வேண்டாம். தாள் எழுதும்போதே "சேர், நாங்க மட்டக்களப்பு, மகன் வந்து எடுக்கலாமா?" என்று அந்த இடத்தில் கேட்டுவைத்திருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். சனிக்கிழமை இரவு வரை நாங்கள் வெள்ளவத்தையிலேயே இருந்தோம். சனிக்கிழமையும் திறக்கும் தபால் கந்தோர் எது என்று அன்றே விசாரித்துக் கட்டிவிட்டு லைசன்ஸையும் கையோடு வாங்கப் பார்த்திருக்கலாம். கூறைக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

லைசன்ஸ் ஆறாவது நாள் இன்னொரு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. மாமா அதைத் துடைத்துப் பார்த்த விதத்தைப் பார்த்தால் ஏதோ வெளிநாட்டில் இருந்து பிள்ளை வந்தது போல இருந்தது.

இந்தத் தூரப் பிரச்சினை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் கவ்பே என்ற இணையக் கட்டண முறையைத் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் போக்குவரத்துத் தண்டத்தையும் அதன் வழியே கட்டும் ஏற்பாடு பரீட்சார்த்தமாக ஆரம்பமாகிப் பிறகு விரிந்தது. அதன் நோக்கமே, நின்ற இடத்தில் போனில் கட்டிவிட்டு லைசன்ஸை அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்வது. எங்கள் சம்பவத்துக்குக் கிட்டத்தட்டப் பத்து மாதம் பிந்தி வந்தது. இனிப் போகிறவர்கள் வங்கி அப் போனில் வேலை செய்கிறதா என்று வெளிக்கிட முதல் பார்த்துக்கொள்வது நல்லது. தாள் எழுதும் அதிகாரியிடம் கவ்பேயில் கட்டலாமா என்று கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

ஊரில் பழகிய கண்

கொப்பி எழுதி முடிந்ததும் மாமா கேட்டார், "30 வருசமா எனக்கு ஏன் ஒண்டும் நடக்கல்ல?" நான் கொஞ்சம் யோசித்தேன். மட்டக்களப்பில் நாம் வாகனம் நிறுத்துவது பலகை பார்த்தல்ல, முகம் பார்த்து. கடைக்காரர் தெரிந்தவர், "அண்ணே, அஞ்சு நிமிசம்" என்றால் தலையாட்டுவார். புளியந்தீவில் வீதிகள் ஒடுக்கம், வைத்தியசாலைப் பக்கம் கேட்கவே வேண்டாம். ஆனாலும் இடைஞ்சல் என்றால் யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள், எடுத்துவிடுவோம். பௌர்ணமி இரவில் பாடும் மீன் கேட்கிறோம் என்று கல்லடிப் பாலத்தின் ஓரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி நிற்காதவர் யார்? பாலத்தில் நிறுத்தக்கூடாது என்பது அந்த நேரம் நினைவுக்கு வருவதே இல்லை. ஊரில் சட்டம் வேறு என்பதல்ல. முகம் சட்டத்துக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது. அந்தக் கண்ணோடுதான் வெள்ளவத்தைக்குப் போனோம். அங்கே தமிழ் கேட்கிறது, கடைப் பெயரெல்லாம் தமிழில் இருக்கிறது, தோசை மணக்கிறது. ஊர் மாதிரியே இருந்ததால் ஊரில் மாதிரியே நிறுத்தினோம்.

ஓகஸ்டில் தாலிக்கொடிக்காக மறுபடி கொழும்பு. இந்த முறை செட்டியார் தெரு, புறக்கோட்டை நெரிசல். காரைத் தெஹிவளையில் ஒரு சொந்தக்காரர் வளவுக்குள் விட்டுவிட்டு பஸ்ஸில் போனோம், மாமிக்கு மட்டும் கடைசித் துண்டுக்கு ஓட்டோ. திரும்பும் வழியில் குருநாகலில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது மாமா இறங்கி, காரைப் பூட்டாமல், பின்னால் ஒரு ஐம்பது அடி நடந்தார், திரும்பி வந்து முன்னால் ஐம்பது அடி நடந்தார். அதன்பிறகு போனை எடுத்து, கார் நிற்கும் இடத்தையும் கிட்ட இருந்த பலகையையும் ஒரே படத்தில் விழ எடுத்தார். "என்னகா இவர், கோயில் சுத்துறாப்போல சுத்துறார்" என்றார் மாமி.

கல்யாணம் கல்லடியில் ஒரு மண்டபத்தில். முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது மாப்பிள்ளையின் தகப்பனைக் காணவில்லை என்று ஐயர் தேடினார். நான் வெளியே ஓடினேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாமா வீதி ஓரத்தில் நின்றார். பூ அலங்காரம் செய்த மாப்பிள்ளைக் கார் சரியாகப் பஸ் தரிப்பிடத்தில் நின்றது. ஓட்டி வந்த பொடியனுக்கு மாமா இரண்டு கையாலும் வழி காட்டிக்கொண்டிருந்தார். "பின்னுக்குக் கிறுக்கு மனே, இன்னும் கிறுக்கு, அந்தக் கம்பம் தாண்டோணும்."